என் அப்பா, உன் அப்பா, அவன் அப்பா

ராஜாக்கள் தங்கள் வம்சாவளியை எழுதி வைக்கப் புலவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். குடிமக்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களுடைய வம்சாவளி பெரும்பாலும் அவர்கள் நாக்கில்தான் இருக்கிறது. அப்பாவை, அண்ணனை, மருமகளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தால், சில சமயம் கல்வெட்டும் செப்பேடும் சொல்லாத சங்கதி அகப்பட்டுவிடும். அப்படி அகப்பட்ட ஒரு சங்கதியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அசாமில், பிரம்மபுத்திராவின் வடகரையில், பூடான் மலைகளின் அடிவாரத்தில் போடோ மக்கள் இருக்கிறார்கள். கோக்ரஜார், உதால்குரி என்ற ஊர்ப் பெயர்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து நேர்கோடு போட்டால் தெற்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தூரத்தில் திரிபுராவின் தலைநகரம் அகர்தலா. அந்த ராஜ்யத்தின் பழங்குடி மக்களில் பெரும்பாலோர் பேசுவது கொக்பரோக். கொக் என்றால் பேச்சு. பரோக் என்றால் மனிதர்கள். மனிதர்களின் பேச்சு என்பதுதான் மொழியின் பெயரே. இரண்டு ஜனங்களுக்கும் நடுவே மேகாலயத்தின் மலைகள் கிடக்கின்றன. பராக் நதி கிடக்கிறது. வங்காளம் பேசும் சமவெளி கிடக்கிறது. கோக்ரஜார்க் கிழவர் ஒருவரையும் அகர்தலாக் கிழவர் ஒருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தால், ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது.

ஆனால் இருவரையும் ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லுங்கள். போடோக்காரர் சே, நுய், தாம், ப்ருய், பா என்பார். திரிபுராக்காரர் சா, நுய், தாம், ப்ருய், பா என்பார். ஒன்றில்தான் வித்தியாசம், மற்ற நான்கிலும் இருவரும் ஒரே தாளம் போடுகிறார்கள். நான் என்பது இருவருக்கும் ஆங். நீ என்பது இருவருக்கும் நுங்.

இந்த உறவை முதலில் காகிதத்தில் ஏற்றியவர்கள் வெள்ளைக்காரர்கள். நேபாளத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்து, வேலை போன பிறகு டார்ஜிலிங்கில் குடியேறிய பிரயன் ஹாட்ஜ்சன் 1847இல் கோச், போடோ, திமால் மக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். போடோ என்ற பெயர் வெளியுலகத்தில் நிலைத்தது அதனால்தான். பிறகு தராங் ஜில்லாவில் நெடுங்காலம் பாதிரியாராக இருந்த ஸிட்னி எண்டில் 1884இல் அவர்கள் மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதினார். 1903இல், கிரியர்சன் நடத்திய இந்திய மொழி ஆய்வின் மூன்றாவது தொகுதியில், அசாமின் போடோவும் காரோவும் திமாசாவும் திரிபுராவின் மொழியும் ஒரே குடும்பமாக அடுத்தடுத்து உட்கார்ந்தன. திபெத்திலிருந்து பர்மா வரைக்கும் கிளை விட்ட பெரிய குடும்பத்தில் அது ஒரு சின்னக் கிளை.

கிரியர்சன் கையாண்ட முறை சுவாரஸ்யமானது. இந்தியாவின் எல்லா மொழிகளுக்கும் ஒரே வினாத்தாள்: 241 சொற்களும் தொடர்களும் அடங்கிய ஒரு ஜாபிதா. அதில் 'ஒரு தந்தை', 'ஒரு தந்தையினுடைய', 'ஒரு தந்தைக்கு', 'இரண்டு தந்தைகள்' என்றெல்லாம் வரிசையாகக் கேட்டிருக்கும். ஆங்கிலேயருக்கு அது சாதாரணக் கேள்வி. மரம் என்றால் மரம், தந்தை என்றால் தந்தை. ஆனால் போடோக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அவர் திரும்ப ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். "யாருடைய தந்தை?"

அவர் பேசும் மொழியில் வெறும் தந்தை கிடையாது. என் தந்தை ஆஃபா. உன் தந்தை நும்ஃபா. அவன் தந்தை பிஃபா. அந்த ஃபாவை, பகரத்தைக் கொஞ்சம் மூச்சு விட்டுச் சொல்வது போலச் சொல்ல வேண்டும். நான் என்ற ஆங், நீ என்ற நுங், அவன் என்ற பி மூன்றும் குறுகி, தந்தையின் நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நெற்றியில் ஒட்டாத 'ஃபா' தனியாகத் தெருவில் நடமாடுவதில்லை.

திரிபுராவுக்குப் போங்கள். என் தந்தை ஆஃபா. உன் தந்தை நுஃபா. அவன் தந்தை புஃபா. தாயும் அப்படியே: ஆமா, நுமா, புமா. போடோவில் உன் தாய் நும்மா, அவன் தாய் பிமா. என் தாய்க்கு மட்டும் ஆய் என்று ஒரு தனிச் சொல் இருக்கிறது. பக்கத்து வீட்டு அசாமியரும் தாயை ஆய் என்றுதான் அழைக்கிறார்கள். யார் யாரிடம் கற்றார்கள் என்ற வழக்கில் நான் இறங்கவில்லை.

எண்ணிக்கைச் சொற்கள் ஒத்துப் போவது ஒரு சாட்சி. ஆனால் சந்தையில் பழகிப் பழகி எண்களைக் கடன் வாங்கிக்கொள்ளும் ஜனங்கள் உலகத்தில் உண்டு. என் அப்பா, உன் அப்பா, அவன் அப்பா என்று மூன்றாகப் பிரிக்கும் பழக்கத்தை யாரும் சந்தையில் வாங்கிக்கொண்டு வருவதில்லை. அது வீட்டுக்குள் இருந்து வந்தது. இரண்டு ஜனங்களும் ஒரு காலத்தில் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஏதோ பழைய ஞாபகம் வரவேண்டும். எந்தை, நுந்தை, தந்தை. யாய், ஞாய், தாய். எம்பி, தம்பி, எங்கை, தங்கை. நம்முடைய பழந்தமிழும் இதே காரியத்தைத்தான் செய்தது. எந்தை என்றால் என் தந்தை. நுந்தை உன் தந்தை. தந்தை என்றால் அவன் தந்தை, அவள் தந்தை. குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் யாயும் ஞாயும் எந்தையும் நுந்தையும் நான்கு பேருமே இருக்கிறார்கள். தொல்காப்பியர் இந்த நுந்தையைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்திருக்கிறார். குற்றியலுகரம் என்பது சொல்லின் கடைசியில் வருவதுதான் வழக்கம். அது சொல்லின் முதலிலேயே வருகிற ஒரே இடம் இந்த முறைப்பெயர் என்று அவர் தனியாக ஒரு விதி வகுத்து வைத்தார். உதட்டைக் குவிக்காமல் சொல்லும் அந்த உகரம்தான், திரிபுராக்காரர் 'நுஃபா' என்று சொல்லும்போது அவர் நாக்கில் வருகிற உகரமும்.

உடனே தமிழரும் போடோக்களும் பங்காளிகள் என்று கிளம்பிவிட வேண்டாம். ஆஃபா நம் அப்பாவைப் போல ஒலிப்பதும், நும்ஃபாவில் நம்முடைய 'நும்' தலை காட்டுவதும் தற்செயல். குழந்தைகள் வாய் திறந்ததும் முதலில் வருகிற எழுத்துக்கள் உலகமெங்கும் ஒன்றுதான். அப்பா, அம்மா சாயலில் சொல் இல்லாத தேசம் அபூர்வம். திரிபுராவில் ஆத்தா என்றால் அண்ணன்! அதை வைத்துக்கொண்டு நம் ஆத்தாளிடம் போய் உறவு கொண்டாட முடியுமா? இரண்டு மொழிக் குடும்பங்களும் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் மனிதர்கள் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். பானைக்கும் பாய்க்கும் சொந்தக்காரன் மாறலாம். அப்பாவுக்கு மாற முடியாது. அதனால் சொந்தக்காரன் பெயரைச் சொல்லோடு சேர்த்தே தைத்துவிட்டார்கள்.

அந்த ஆத்தாவுக்குத் திரும்புவோம். போடோவில் என் அண்ணன் ஆதா. 'தர்மம்' என்கிறபோது வருகிற மெல்லிய தகரம் அங்கே. 'தலை' என்கிறபோது வருகிற வன்மையான தகரம் திரிபுராவில். தண்ணீருக்கும் இதே வித்தியாசம்தான். இரண்டு மொழியிலும் தண்ணீர் துய். போடோக்காரர் மெல்லச் சொல்கிறார், திரிபுராக்காரர் அழுத்திச் சொல்கிறார். ஒரு சொல்லில் இப்படி இருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். சொல்லுக்குச் சொல் ஒரே ஒழுங்கில் மாறுமானால் அது ரத்த சம்பந்தம்.

இன்னொரு ஒழுங்கு இதைவிட அழகானது. திரிபுராவில் வீடு நொக், போடோவில் நொ. திரிபுராவில் மனைவி ஹிக். போடோவில் அவன் மனைவி பிஹி. அங்கே மகளுக்குச் சொல் 'ஜுக்' என்று முடியும். இங்கே 'ஜு' என்று முடியும். அங்கே மருமகள் ஹம்ஜுக், இங்கே பிஹம்ஜு. வீடு, வீட்டுக்காரி, வீட்டில் பிறந்தவள், வீட்டுக்கு வந்தவள் நால்வரும் திரிபுராவில் கடைசி ககர ஒற்றோடு இருக்கிறார்கள். அசாமில் அது உதிர்ந்துவிட்டது. இப்போது அந்த ஜனங்களின் பெயரையே பாருங்கள். திரிபுராவில் மனிதன் பரோக். நாம் போடோ என்று எழுதுகிறோமே, அவர்கள் வாயில் அது ஏறக்குறைய பொரோ. அங்கேயும் உதிர்ந்தது அந்த ஒற்றுத்தான்.

எல்லா உறவும் இப்படி இணையாக வருவதில்லை. தாத்தா திரிபுராவில் ஆச்சு, போடோவில் ஆபொவ். ஆச்சுவைத் தேடிக்கொண்டு போனால் மேகாலயத்தின் காரோ மலையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். காரோக்களுக்கும் தாத்தா ஆச்சுதான். பெரிய குடும்பங்களில் இது சகஜம். அண்ணன் முகம் தம்பிக்கு இருக்காது. சித்தப்பா மகனுக்கு இருக்கும்.

தாயும் பிள்ளையும் மனிதர்களோடு நின்றுவிடவில்லை, ஆற்றிலும் இறங்கிவிட்டார்கள். 'மா' தாய், 'ஸா' பிள்ளை. போடோவில் பெரிய ஆறு துய்மா, சிற்றாறு துய்ஸா. தண்ணீரில் தாய், தண்ணீரில் பிள்ளை! பெரியது எதுவும் தாய், சின்னது எதுவும் குழந்தை என்பது அவர்கள் கணக்கு. தெற்கே மலைகளில் வாழும் இன்னொரு கிளையினர் தங்களைத் திமாசா என்று சொல்லிக்கொள்கிறார்கள். 'தி' தண்ணீர், 'திமா' பெரிய ஆறு, 'திமாசா' பெரிய ஆற்றின் பிள்ளைகள். எந்த ஆறு என்று கேட்டால் பிரம்மபுத்திராவைக் காட்டுகிறார்கள். அசாமின் மேல்பகுதியில் திஹிங், திசாங், திகௌ, திப்ரு என்று நதிகளின் பெயர்களில் இன்றும் அந்தத் தண்ணீர் ஓடுகிறது. அந்தச் சொல்லைப் பேசியவர்கள் ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் பரவியிருந்தார்கள் என்பதை யாரும் அழிக்க முடியாதபடி நதிகள் எழுதி வைத்திருக்கின்றன.

இனி ராஜாக்களிடம் வருவோம். திரிபுராவின் மாணிக்க வம்சத்து அரசர்களுக்கு ராஜமாலா என்ற செய்யுள் வரலாறு இருக்கிறது. அதன் முதல் பகுதியை 15ஆம் நூற்றாண்டில் தர்ம மாணிக்கர் எழுதச் செய்தார் என்பது வழக்கு. சுக்ரேஸ்வரர், பாணேஸ்வரர் என்ற இரண்டு அந்தணப் புலவர்கள் எழுதினார்கள். கதை சொன்னவர் துர்லபேந்திரர். அரச குலத்துப் பதினான்கு தெய்வங்களுக்குப் பூஜை செய்த தலைமைப் பூசாரி. அவருக்குத்தான் பழைய கதைகள் தெரியும். கிழவர் மலைப் பாஷையில் அறிந்ததைப் புலவர்கள் வங்காளத்தில் பாடினார்கள்.

அதில் ஒரு கதை. திரிலோசனன் என்ற பழைய அரசன் ஹேடம்ப நாட்டு ராஜகுமாரியை மணந்தான். ஹேடம்பம் என்பது கச்சாரிகளின் நாடு. திமாசாக்களின் முன்னோர் ஆண்ட நாடு. அந்த மாமனாருக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் வயிற்றுப் பேரனில் மூத்தவனைத் தன் நாட்டுக்கு அழைத்துக்கொண்டு ராஜாவாக்கிவிட்டார். பிறகு திரிலோசனன் இறந்தான். தம்பி தகப்பன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். "மூத்தவன் நான் இருக்க நீ எப்படி உட்காரலாம்?" என்று அண்ணன் படையெடுத்து வந்தான். தம்பி தோற்று, ஜனங்களை அழைத்துக்கொண்டு தெற்கே பராக் நதிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தான்.

இது நடந்த கதையா, கட்டின கதையா என்று சரித்திரக்காரர்கள் விவாதிக்கட்டும். ராஜமாலாவின் வம்சாவளி மகாபாரதத்து யயாதி வரைக்கும் ஏறுகிறது. கச்சாரி ராஜாக்களோ தங்களைப் பீமனுக்கும் ஹிடிம்பைக்கும் பிறந்த கடோத்கஜனின் சந்ததி என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த ஏணிகளை நம்ப வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் ஏணிக்கு அடியில் கிடக்கும் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கச்சாரிகளும் திரிபுரிகளும் யார் என்று கேட்டபோது, ஒரு வீட்டு அண்ணன் தம்பிகள், பாகப் பிரிவினையில் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் என்று அந்தப் பூசாரிக் கிழவர் சொல்லியிருக்கிறார். ஆத்தாவும் ஆதாவும் சொல்வது அதைத்தான். 1903இல் கிரியர்சன் ஜாபிதாவோடு கண்டுபிடித்த உறவைக் கிழவர் ஜாபிதா இல்லாமலே அறிந்திருந்தார்.

அண்ணன் வீட்டுச் சரித்திரம் பிற்பாடு சோகமாக முடிந்தது. கச்சாரிகளின் தலைநகரம் திமாப்பூரை 1536இல் அஹோம்கள் அழித்தார்கள். ராஜாக்கள் மலையேறி மைபங்குக்கும், பிறகு மறுபக்கம் இறங்கி காஸ்பூருக்கும் போனார்கள். கடைசி அரசர் கோவிந்த சந்திரர் 1830இல் கொலையுண்டார். 1832இல் கச்சார்ச் சமவெளியைக் கும்பினியார் எடுத்துக்கொண்டார்கள். தம்பி வீட்டில் மட்டும் மாணிக்கர்கள் 1949 அக்டோபர் 15ஆம் தேதி திரிபுரா இந்தியாவோடு இணையும் வரைக்கும் அரசாண்டார்கள்.

இந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளையின் நிலையையும் சொல்லாமல் விட்டால் கதாசிரியன் என்ற பெயருக்குக் களங்கம். திரிபுராவின் மலைக் கிராமங்களில் பெண் வேண்டும் என்கிற பிள்ளை, கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் வீட்டில் வருஷக் கணக்கில் தங்கி உழைக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். காடு வெட்டி, நிலம் திருத்தி, விதைத்து, அறுத்து, பெண் வீட்டாருக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் கல்யாணம். போடோக்களிடமும் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிற வழக்கம் உண்டு. காரோக்களிடம் சொத்தே பெண் வழியில்தான்; வாரிசாகும் மகளுக்கு அவள் தகப்பன் தன் சகோதரி மகனையே மாப்பிள்ளையாகக் கொண்டு வருவதுதான் சிறந்த ஏற்பாடு. நம் ஊர் அத்தைகள் இதைக் கேட்டால் காரோ மலையில் நியாயம் இருக்கிறது என்பார்கள். திமாசாக்கள் இன்னும் ஒரு படி போய், ஆண் வழிக்கு ஒரு குலம், பெண் வழிக்கு ஒரு குலம் என்று இரட்டைக் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் பழங்கதையாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அந்தச் சொற்கள் இன்றும் ஜனங்கள் வாயில் இருக்கின்றன. இனிமேலும் இருக்குமா என்பதுதான் கேள்வி.

போடோக்கள் 1952இல் தங்களுக்கென்று ஒரு சாகித்திய சபை அமைத்தார்கள். 1963இல் ஆரம்பப் பள்ளியில் போடோவில் பாடம் சொல்லித் தரத் தொடங்கினார்கள். 1974இல் எந்த எழுத்தில் எழுதுவது என்று பெரிய கிளர்ச்சி நடந்தது. ரோமன் எழுத்து கேட்டுத் தெருவில் இறங்கியவர்களில் சிலர் துப்பாக்கிக்குப் பலியானார்கள். கடைசியில் தேவநாகரி வந்தது. 2003இல் இயற்றிய 92ஆவது சட்டத் திருத்தத்தால் போடோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் ஏறியது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 14 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல்.

தம்பி வீட்டில் நிலைமை வேறு. 1900ஆம் வருஷமே ராதாமோகன் தாகூர் 'கொக்பரோக்மா' என்ற இலக்கணத்தை எழுதினார். ஆனால் மாணிக்கர்களின் அரண்மனையில் வங்காளம்தான் ஆட்சிமொழி. ராஜாவின் சொந்த ஜனங்கள் பேசிய மொழிக்கு ராஜாங்கத்தில் இடமில்லை; 1979 ஜனவரி 19ஆம் தேதிதான் அது திரிபுராவின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. அதற்குள் வீட்டின் கணக்கே மாறிவிட்டது. 1941இல் ராஜ்யத்து ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பழங்குடிகள். தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு வாசல் இழந்தவர்கள் அலை அலையாக வந்து சேர்ந்தார்கள். 2011இல் பழங்குடிகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வந்தவர்கள் மீது குற்றம் சொல்ல முடியாது. அவர்களும் அப்பாவையும் ஆச்சுவையும் எங்கோ விட்டுவிட்டு வந்தவர்கள்தாம். ஆனால் சொந்த மண்ணில் சிறுபான்மையாகிவிட்டவனின் மனசும் நமக்குப் புரிய வேண்டும். கொக்பரோக்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011இல் 10 லட்சத்துக்குச் சற்று மேல். அதை வங்காள எழுத்தில் எழுதுவதா ரோமன் எழுத்தில் எழுதுவதா என்ற சண்டை இன்னும் தீரவில்லை.

இரண்டு வீடுகளிலும் நாவல் பிறந்துவிட்டது என்பது எனக்குச் சந்தோஷம். போடோவில் சித்தரஞ்சன் முசாஹரி 1962இல் எழுதிய 'ஜுஜாய்னி ஒர்' முதல் நாவல். உமித்தீ என்று பொருள். கொக்பரோக்கில் சுதன்ய தேவ் வர்மாவின் 'ஹாசுக் குரியோ' 1987இல் வந்தது. மலைகளின் மடியில் என்று பொருள். நமக்கு எழுதும்போது 'அப்பா வந்தார்' என்று சும்மா ஒரு வரி போட முடியும். அவர்களோ, வருகிறவர் யாருடைய அப்பா என்பதைப் பேனாவை வைப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

ஆனால் அந்த நெருக்கமும் தளர்ந்துகொண்டு வருகிறது. அகர்தலாவில் ஆத்தாவுக்குப் பதிலாக வங்காளத்து தாதா வந்துவிடுகிறார். அவர் நெற்றியில் ஆங்கும் இல்லை, நுங்கும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் தாதா. இன்னொரு பக்கம், ஆஃபா என்று ஒரு சொல்லில் முடிய வேண்டியதை 'ஆங்னி பிஃபா' என்று சொல்லும் போடோக்களும் இருக்கிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'என் அவன்-அப்பா' என்று வரும். அவன் தந்தைக்கு உரிய வடிவம் எல்லாருக்கும் பொதுவாகிவிட, சொந்தக்காரனை வெளியில் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. நாமும் அதே பாதையில் எப்போதோ நடந்து முடித்துவிட்டோம். எந்தை பக்திப் பாடலோடு நின்றுவிட்டார். நுந்தை இலக்கண உரையாசிரியர்களிடம் தங்கிவிட்டார். ஞாயைப் பண்டிதர்களைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியாது. மிச்சம் இருப்பவர் தந்தை ஒருவர்தான். 'என் தந்தை' என்று நாம் தினம் எழுதுகிறோமே, அதைப் பழந்தமிழர் ஒருவர் கேட்டால், "என் அவன்-தந்தையா? யாரப்பா அவன்?" என்று கேட்பார்.